ஒன்பதின் ஜோடியும் ஆறு டன் மிளகும்

மட்டாஞ்சேரியில் உப்பங்கழியை ஒட்டி நீளும் பஜார் சாலையில், பழைய ஓட்டுக் கிடங்குகளிலிருந்து மிளகும் இஞ்சியும் மணக்கும். அங்குள்ள கிளையில் நாம் பணியாற்றிய காலத்தில், 2023ஆம் ஆண்டு மழைக்காலத்தின் ஒரு பிற்பகலில், முப்பது வயது மதிக்கத்தக்க வாடிக்கையாளர் ஒருவர் தனிநபர் கடன் கோரி வந்தார். அவருடைய பெயர் இங்கு வேண்டா. வாடிக்கையாளரின் கணக்கு அவருடையது. நறுமணப் பொருள் ஏற்றுமதி செய்யும் நிறுவனமொன்றில் கணக்கெழுதுபவர். தந்தையார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து குடிபெயர்ந்தவர் என்பதால் நம்மோடு தமிழில்தான் பேசுவார். வீடு பழுதுபார்க்க மூன்று இலட்சம் ரூபாய் தேவை என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தார். சம்பளம் மாதம் 28,000 ரூபாய்.

கடன் விண்ணப்பத்தோடு ஆறு மாதக் கணக்கு விவரத்தையும் பார்ப்பது எங்கள் வழக்கம். வீட்டுச் செலவுகளுக்கிடையே 500, 1,000 என்று ஒரே விளையாட்டுச் செயலிக்குத் தொகை போய்க்கொண்டிருந்தது. சம்பளம் வரவான ஒரு சனிக்கிழமை இரவு, 27,000 ரூபாய் ஒரே தவணையில் போயிருந்தது. அதன் மேல் விரலை வைத்து, “இது என்ன?” என்று கேட்டோம்.

சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “சார், நான் கண்டபடி ஆடுகிறவன் இல்லை. அன்றைக்கு என் கையில் நல்ல சீட்டு இருந்தது. அதை எப்படி விட முடியும்?” என்றார். விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கத்தில் அந்தச் சீட்டுகளை வரைந்தும் காட்டினார்.

அவர் ஆடியது போக்கர்; அதிலும் ‘நோ லிமிட் ஹோல்டெம்’ எனப்படும் வகை. ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். பந்தயம் கட்டிய பின் மேசையின் நடுவே மூன்று சீட்டுகள் எல்லாரும் காணத் திறக்கப்படும். இதற்கு ஃபிளாப் என்று பெயர். பிறகு நான்காவதும் ஐந்தாவதும் ஒவ்வொன்றாகத் திறக்கப்படும். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் உண்டு. கையிலுள்ள இரண்டையும் நடுவிலுள்ள ஐந்தையும் சேர்த்து, ஏழில் சிறந்த ஐந்து யாருக்கு அமைகிறதோ அவருக்கே நடுவில் சேர்ந்த தொகை. ஒரு ஜோடியை இரண்டு ஜோடிகள் வெல்லும்; இரண்டு ஜோடிகளை ஒரே எண்ணின் மூன்று சீட்டுகள் வெல்லும். வரம்பில்லாத ஆட்டம் என்பதன் பொருள், எந்தக் கட்டத்திலும் முன்னாலிருக்கும் பணம் முழுவதையும் நகர்த்தி வைக்கலாம் என்பதே.

நம் வாடிக்கையாளருக்குக் கிடைத்தவை இரண்டு ஒன்பதுகள். நடுவில் திறந்தவை எட்டு, ஐந்து, இரண்டு. மூன்றையும்விட அவருடைய ஜோடி பெரிது. ஆட்டக்காரர்கள் இதனை ‘ஓவர்பேர்’ என்பர். நாம் மேல்ஜோடி என்று சொல்லிக்கொள்ளலாம். ஆஸ் ஜோடியோ ராஜா ஜோடியோ இருந்தால் அது பெரிய மேல்ஜோடி. ஒன்பதும் பத்தும் நடுத்தரமானவை. நடுவில் அப்போது இருந்தது 2,000 ரூபாய். அதில் அவருடைய பங்கு 1,000. அவர் முன்னால் இன்னும் 26,000 இருந்தது. எதிரிலிருந்தவரிடமும் அதற்குக் குறையாத தொகை.

எதிராளி 2,000 வைத்தார், இவர் ஈடுகட்டினார். நான்காவது சீட்டு ராணி. எதிராளி 6,000 வைத்தார், இவர் ஈடுகட்டினார். ஐந்தாவது சீட்டு ஏழு. எதிராளி 18,000 வைத்தார். இவர் மிச்சமிருந்த அனைத்தையும் நகர்த்தினார். எதிராளி திருப்பிக் காட்டியவை இரண்டு ஐந்துகள். நடுவிலிருந்த ஐந்தோடு சேர்ந்து மூன்று ஐந்து. ஃபிளாப் திறந்த கணமே இவர் தோற்றிருந்தார். அதை அறிவதற்கு 26,000 ரூபாய் செலவாயிற்று.

வணிகவியல் படித்தவர்களுக்குக் கணக்கு ஒரு பலவீனம். அந்தப் படிவத்தின் நகலை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதனோடு உட்கார்ந்தோம்.

முதலில் கண்டது, அவர் சொன்னதில் பொய்யில்லை என்பதே. அது நல்ல சீட்டுத்தான். ஒன்பதின் ஜோடி கையிலிருக்கும்போது, நடுவில் திறக்கும் மூன்று சீட்டுகளில் பத்தோ அதற்கு மேலோ ஒன்றும் வராமலிருப்பது நூற்றுக்கு ஏறத்தாழ 21 முறைதான். அரிதாகக் கிடைப்பதனால் அதன்மேல் பற்று கூடுகிறது. ஆஸும் ராஜாவும் தனித்தனியே வைத்திருக்கும் எதிராளி, மீதி இரண்டு சீட்டுகளில் தமக்கு வேண்டியதைப் பெறும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆகவே அப்போது பந்தயம் கட்டாமல் இலவசமாக அடுத்த சீட்டைக் காட்டுவதும் தவறு. அனுபவசாலிகள் நடுவிலுள்ள தொகையில் பாதியோ மூன்றில் இரண்டு பங்கோ வைத்து, எதிராளியிடம் விலை கேட்பார்கள்.

ஆனால் அந்த நன்மை நாள்பட நிற்பதன்று. காணாத சீட்டுகள் 47. அவற்றுள் ஒன்பதுக்கு மேற்பட்டவை 20. இன்னும் இரண்டு சீட்டுகள் திறக்கும்போது அவற்றில் ஒன்றேனும் பெரிய சீட்டாக வருவது நூற்றுக்கு 67 முறை. அதாவது மூன்றில் இரண்டு தடவை, ஆட்டம் முடிவதற்குள் மேல்ஜோடி மேல்ஜோடியாக இருப்பதில்லை. அன்று ராணி வந்ததும் நேர்ந்தது இதுவே. மறுபக்கம், மூன்றாவது ஒன்பது வந்து கைகொடுப்பது நூற்றுக்கு எட்டு முறைக்குச் சற்று அதிகம். நலியும் வாய்ப்பு மிகுதி. வலுப்பெறும் வாய்ப்பு சொற்பம்.

இரண்டாவது, பந்தயம் வளரும் விதம். ஒவ்வொரு கட்டத்திலும் நடுவிலுள்ள அளவுக்குப் பந்தயம் வைத்து, அதை மற்றவர் ஈடுகட்டினால், தொகை மூன்று மடங்காகும். 2,000 என்பது 6,000 ஆகி, 18,000 ஆகி, 54,000 ஆகும். கூட்டு வட்டியைத் தினமும் கையாளும் நமக்கே இந்த வேகம் வியப்பளித்தது. முதல் முடிவு 2,000 ரூபாய் பற்றியது என்று இவர் எண்ணினார். உண்மையில் அது 26,000 பற்றிய முடிவின் முதல் தவணை.

மூன்றாவதாக, யார் இப்படி மூன்று கட்டத்திலும் முழு அளவு பந்தயம் வைப்பார் என்ற கேள்வி. எட்டு, ஐந்து, இரண்டு ஆகியவற்றில் மூன்று சீட்டு அமைய ஒவ்வொன்றுக்கும் மூன்று வழிகள், மொத்தம் 9. பத்து முதல் ஆஸ் வரை பெரிய ஜோடி கையிலிருக்க ஒவ்வொன்றுக்கும் ஆறு வழிகள், மொத்தம் 30. ஆக 39 வழிகளில் இவர் ஃபிளாப்பிலேயே பின்தங்கியவர். ஆஸும் எட்டும் வைத்திருப்பவர் 12 வழிகளில் இவரிடம் தோற்பார். ஆனால் அப்படிப்பட்டவர் ராணி விழுந்த பிறகு 18,000 ரூபாயை நகர்த்துவது அபூர்வம். வெறுங்கையோடு மிரட்டுபவரும் உண்டுதான். கடைசிப் பந்தயத்தை ஈடுகட்டுவது நியாயமாக வேண்டுமெனில், மூன்றில் ஒரு முறையேனும் இவர் வெல்ல வேண்டும். அந்த எதிராளி அத்தனை அடிக்கடி மிரட்டுபவரா என்று கேட்டபோது, “அவர் அதிகம் வைக்கிறவரே இல்லை சார்” என்றார். பதில் அவரிடமே இருந்திருக்கிறது.

இதனால் ஒன்பதின் ஜோடியைக் கண்டதும் கவிழ்த்துவிட வேண்டும் என்று பொருளில்லை. அவர் முன்னால் 26,000க்குப் பதில் 4,000 மட்டும் இருந்திருந்தால், நடுவிலுள்ள தொகையைப் போல இரண்டு மடங்குதான்; முழுவதையும் வைத்துத் தோற்றாலும் அதில் குற்றமில்லை. அவரிடம் இருந்ததோ பதின்மூன்று மடங்கு. சீட்டு அதே சீட்டு. பின்னால் நின்ற தொகைதான் வேறு. கடன் வழங்கும் மேசையில் நாங்கள் பார்ப்பதும் இந்த விகிதத்தைத்தான். சொத்து நல்லதா என்று மட்டும் கேட்டுக் கடன் தரும் வங்கி நெடுநாள் நிலைக்காது. கடன் முழுவதையும் அந்தச் சொத்து ஒன்றே தாங்குமா என்றும் கேட்க வேண்டும்.

கண்டபடி ஆடி, குப்பைச் சீட்டில் பெருந்தொகை இழப்பவர்களும் இருக்கலாம். நம் அனுபவத்தில், அதிகம் இழந்தவர்கள் ஓரளவு நல்லதைக் கையில் வைத்திருந்தவர்களே. குப்பையை எவரும் எளிதில் எறிந்துவிடுவர்.

இந்தக் கணக்கை நாம் கிளைக்கு அடிக்கடி வரும் மூத்த மிளகு வணிகர் ஒருவரிடம் ஆளின் அடையாளம் சொல்லாமல் விவரித்தோம். மலையாளி, எழுபதைக் கடந்தவர், நாம் அவரைச் ‘சேட்டன்’ என்றே அழைப்போம். போக்கர் அவருக்குத் தெரியாது. கேட்டுவிட்டு, “சார், இது மிளகு அல்லவா?” என்றார்.

மட்டாஞ்சேரிக்கு இந்த உவமை புதிதன்று. யூதத் தெருவில், 1568இல் கட்டிய பரதேசி ஜெபாலயத்துக்குச் சற்றுத் தொலைவில்தான் மிளகின் முன்பேரச் சந்தை இயங்கியது. இன்னும் விளையாத, இன்னும் கைக்கு வராத மிளகுக்கு இன்றே விலை பேசுவார்கள். கணினி வருமுன் வணிகர்கள் கூடத்தில் கூடிக் கூவி ஏலம் பேசிய இடம் அது. சேட்டன் இளமையில் அங்கே நின்று கூவியவர். குரல் இன்றும் கட்டையாகவே இருக்கிறது.

2016இல் கொச்சிச் சந்தையில் மிளகு கிலோ ஏறத்தாழ 700 ரூபாயை எட்டிய காலம். சேட்டன் அதற்குமுன் கிலோ 620 ரூபாய் வீதம் ஆறு டன் வாங்கி வைத்திருந்தார்; 37,20,000 ரூபாய் முதலீடு. கண்ணெதிரே இருந்த விலைகள் யாவும் அவருடைய கொள்முதலுக்குச் சாதகம். மேசையில் திறந்திருந்த சீட்டுகளைவிட அவர் கை பெரிது. இருப்பை ஈடாக வைத்து மேலும் வாங்குமாறு நண்பர்கள் தூண்டினர். கடன் தரவும் ஆளிருந்தது. திறக்காத சீட்டு வியட்நாம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உலகின் முதன்மை மிளகு உற்பத்தியாளராகிவிட்ட நாடு அது. விலை ஏறிய ஆண்டுகளில் அங்கே விவசாயிகள் மேலும் மேலும் கொடி நட்டிருந்தார்கள். நட்ட கொடி காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். காய்த்தபின் அதை எவராலும் நிறுத்த முடியாது.

சேட்டன் நான்கு டன்னை 690க்கு விற்றார். இலாபம் 2,80,000 ரூபாய். இரண்டு டன்னைக் கடனின்றி வைத்துக்கொண்டார். 2017இல் விலை சரிந்தது. அவ்வாண்டு டிசம்பரில் மத்திய அரசு இறக்குமதி மிளகுக்குக் கிலோ 500 ரூபாய் குறைந்தபட்ச விலை நிர்ணயித்தும் உள்நாட்டு விலை பழைய நிலைக்கு மீளவில்லை. அடுத்த ஆண்டில் 400க்கும் கீழே இறங்கியது. அந்த இரண்டு டன்னை அவர் 380க்குக் கொடுத்தார். அதில் இழப்பு 4,80,000. கூட்டிக் கழித்தால் இரண்டு இலட்சம் நட்டம். “அந்த இரண்டு டன்னை வைத்தது என் தவறு. நல்ல சரக்கு சார், மனம் வரவில்லை” என்று அவரே ஒப்புக்கொண்டார். அதே பருவத்தில் கடன் வாங்கிப் பதினைந்து டன் குவித்த அடுத்த கிடங்குக்காரர், கிடங்கையே விற்றுவிட்டுப் போனார். நன்றாக உலர்ந்த மிளகு பல ஆண்டுகள் கெடாமலிருக்கும். கடன் பல மாதங்கள்கூடக் காத்திராது என்பது சேட்டனின் கணக்கு.

கையிலிருப்பது என்னவென்று நமக்கே தெரியாத சமயமும் உண்டு. 2012 டிசம்பரில் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை, கொச்சியில் முன்பேரச் சந்தையின் அங்கீகாரம் பெற்ற கிடங்குகளிலிருந்த 6,000 டன்னுக்கும் மேற்பட்ட மிளகுக்கு முத்திரையிட்டது. அதில் கனிம எண்ணெய் கலந்திருந்ததே காரணம். தரச்சான்றிதழை நம்பி வாங்கியவர்களின் பணம் ஆண்டுக்கணக்கில் முடங்கியது. சான்றிதழைப் பார்த்துச் சரக்கை முகராமல் விட்டதை இவ்வூர் வணிகர்கள் இன்றும் வருத்தத்தோடு பேசுவர். ஈட்டுச் சரக்கின் மதிப்பில் ஒரு பகுதியைக் கழித்தே கடன் தருகிறோம் என்று எங்களோடு சச்சரவு செய்யும் வாடிக்கையாளர்களுக்கு, இந்தக் கிடங்குகளின் கதையைத்தான் நாம் சொல்வது வழக்கம்.

மீண்டும் அந்த இளைஞரின் விண்ணப்பத்துக்கு வருவோம். வீடு பழுதுபார்ப்பு என்பது உண்மையன்று என்பதை அவரே இரண்டாம் சந்திப்பில் சொன்னார். உடன் பணியாற்றும் இருவரிடமும் ஓர் உடனடிக் கடன் செயலியிலுமாக ஒன்றரை இலட்சம் வாங்கியிருந்தார். தங்கையின் திருமணம் தை மாதத்தில். மூன்று இலட்சத்தில் பாதியைக் கொண்டு அடைத்துவிட்டு, மீதியைக் கொண்டு இழந்ததை மீட்கலாம் என்பது அவருடைய திட்டம். அதைக் கேட்டபின் அந்தக் கடனை நம்மால் பரிந்துரைக்க இயலவில்லை. கோபத்தோடு எழுந்து போனார். ஒரு வாரம் கழித்துத் தாயாரோடு வந்தார். தாயாரின் வைப்புத்தொகையின் பேரில் ஒன்றரை இலட்சம் மட்டும் கடனாகத் தந்தோம். அன்றே மூவருக்கும் கணக்கு முடிக்கப்பட்டது. அவருடைய வேண்டுகோளின்படி யுபிஐ தினசரி வரம்பையும் குறைத்தோம். இவ்வரம்பை எந்த வாடிக்கையாளரும் தாமே கைப்பேசியில் குறைத்துக்கொள்ளலாம் என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை. மனநலத்துக்கான அரசின் இலவச உதவி எண் 14416ஐயும் எழுதிக் கொடுத்தோம். தாயார் அந்தக் காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1968இலேயே கூறியது. போக்கரைப் பற்றி ஒரே குரல் இல்லை. 2017இல் குஜராத் உயர் நீதிமன்றம் அதனைச் சூதாட்டம் என்றது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம், தமிழ்நாட்டுத் தடைச் சட்டத்தின் பட்டியலிலிருந்து ரம்மியையும் போக்கரையும் நீக்கியது. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற இணையவழி விளையாட்டுச் சட்டம் இந்த வாதத்துக்குள் போகவில்லை. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி இணையத்தில் ஆடும் ஆட்டங்களை நடத்துவதையும் விளம்பரம் செய்வதையும் அது தடை செய்கிறது. வங்கிகளும் பணப்பரிமாற்ற நிறுவனங்களும் அவற்றுக்குத் தொகை அனுப்பக் கூடாது என்கிறது. எனவே அத்தகைய பரிமாற்றம் மறுக்கப்பட்டால், கிளை ஊழியரிடம் வாதிட்டுப் பயனில்லை.

சேட்டனின் கிடங்கில் சனிக்கிழமை மாலை இருபத்தெட்டு ஆடுவார்கள். கேரளத்தில் ஊருக்கு ஊர் ஆடும் ஆட்டம். நம்மவர் ஆடும் முந்நூற்று நான்கின் உறவு. ஜாக்கிக்கு மூன்று புள்ளி, ஒன்பதுக்கு இரண்டு, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று, மொத்தம் 28. இங்கே ஒன்பது, ராஜாவையும் ஆஸையும்விடப் பெரிய சீட்டு. ஒன்பதின்மேல் நம் இளைஞருக்கு இருந்த பாசம் இந்த ஆட்டத்திலிருந்துதான் வந்ததோ என்று நமக்கு ஐயமுண்டு. எட்டுச் சீட்டில் நான்கை மட்டும் கொடுத்து, அந்தப் பாதிக் கையை வைத்தே எத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்பார்கள். பதினான்கிலிருந்து கேள்வி தொடங்கும். அதிகம் கேட்டவர் துருப்பைத் தேர்ந்து கவிழ்த்து வைத்த பிறகே மீதி நான்கு சீட்டு வரும். பணம் வைப்பதில்லை. தோற்ற கட்சியினர் காதில் குணுக்கு மாட்டிக்கொள்ள வேண்டும்.

சென்ற முறை கொச்சிக்குப் போனபோது நமக்கும் ஓரிடம் கிடைத்தது. இளைஞர் சேட்டனின் கூட்டாளியாக எதிரே உட்கார்ந்திருந்தார். தங்கைக்குத் திருமணம் முடிந்துவிட்டது, கடனில் இன்னும் நான்கு தவணை பாக்கி என்றார். சேட்டன் பதினாறு கேட்டார். நாம் பதினேழு என்றோம். இளைஞர் தம் நான்கு சீட்டுகளை நெடுநேரம் பார்த்துவிட்டு, “பதினெட்டு” என்றார். நம் கையில் ஒரு ஜாக்கியும் ஒரு ஒன்பதும் ஒரே இனத்தில் இருந்தன, நல்ல சீட்டு. பத்தொன்பது என்றோம். அவர் சிரித்துவிட்டுச் சீட்டைக் கீழே வைத்து, “பாஸ் சார்” என்றார். அன்று மாலை பஜார் சாலையில் காதில் காகிதக் குணுக்கோடு தேநீர் குடித்த வங்கி அதிகாரி நாம்தான்.